எசேக்கியேல் ஹார்ட்: இருமுறை வென்று இருமுறையும் வெளியேற்றப்பட்ட யூத வணிகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எசேக்கியேல் ஹார்ட் யார்?

இன்றைய கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் த்ருவா ரிவியேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1770 மே 15 அன்று அங்கே பிறந்து, 1843 செப்டம்பர் 16 அன்று அங்கேயே காலமான யூத வணிகர் இவர். கடை, மதுவடிசாலை, நிலம் என்று பல வழிகளில் வசதியாக வாழ்ந்த குடும்பம். 1807இலும் 1808இலும் ஊர் மக்கள் இவரைக் கீழ்க் கனடாவின் (இன்றைய கியூபெக் பகுதி அப்போது இருந்த பிரிட்டிஷ் காலனி) சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையும் சபை இவரை வெளியே அனுப்பியது. யூதர் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பள்ளிப் புத்தகங்களில் இவர் கதை ஒரு வரியில் முடிந்துவிடும். நின்று பார்த்தால் அந்தக் காலத்துக் காலனி ஆட்சி எப்படி நடந்தது என்பது முழுவதும் இந்த ஒரு வழக்கில் தெரிகிறது.

ஒரு யூதக் குடும்பம் அந்த ஊருக்கு எப்படி வந்தது?

பிரெஞ்சு ஆட்சி இருந்தவரை வரவே முடியாது. நியூ பிரான்ஸில் கத்தோலிக்கர்கள் மட்டுமே குடியேறலாம் என்பது விதி. 1738இல் எஸ்தர் பிராந்தோ என்ற இளம்பெண் பையன் வேடத்தில் கப்பலேறி கியூபெக் வந்து சேர்ந்தாள். யூதப் பெண் என்று தெரிந்ததும் மதம் மாறச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் மசியவில்லை. அடுத்த ஆண்டே பிரான்ஸுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிரிட்டிஷ் படை அந்த நாட்டைப் பிடித்த பிறகுதான் கதவு திறந்தது. படைக்குச் சரக்கு கொடுக்கும் வணிகராக வந்த ஆரோன் ஹார்ட், 1760களின் தொடக்கத்தில் த்ருவா ரிவியேரில் கடை போட்டார். எசேக்கியேலின் தந்தை இவர்தான். உரோமத்தோல் வாங்கினார், படைக்கும் ஊருக்கும் சாமான் விற்றார், 1763இல் ஊரின் முதல் அஞ்சலதிகாரியும் ஆனார். கையில் ரொக்கம் குறைந்து தவித்த பழைய பிரெஞ்சு நிலக்கிழார்களுக்குக் கடன் கொடுத்தார். கடன் திரும்பாதபோது நிலம் அவர் கைக்கு வந்தது. 1800 டிசம்பரில் அவர் இறந்தபோது அந்தப் பகுதியின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்.

எசேக்கியேல் என்னென்ன வணிகம் செய்தார்?

அண்ணன் மோசஸ், தம்பி பெஞ்சமின் ஆகியோருடன் சேர்ந்து 1790களின் பிற்பகுதியில் ஊரில் ஒரு மதுவடிசாலை தொடங்கினார். பீர்தான் முக்கியச் சரக்கு. பிறகு அதிலிருந்து விலகி, தனியாக இறக்குமதி, ஏற்றுமதி, சில்லறைக் கடை என்று போனார். 1794இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரான்சஸ் லாசரஸை மணந்தார். மாண்ட்ரியலில் அப்போது ஒரே ஒரு சிறு யூத சபைதான். சொந்தச் சமூகத்தில் பெண் எடுக்க வேண்டுமானால் நியூயார்க்குக்கோ லண்டனுக்கோதான் போக வேண்டும். அந்தத் திருமண உறவுகளே வணிகத் தொடர்புகளாகவும் ஆகின.

தந்தையின் சொத்தில் இவருக்கு வந்தது பெக்கான்கூர் என்னும் சென்யூரி. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய நிலப்பகுதி அது. நம்மூர் ஜமீனை நினைத்துக்கொள்ளுங்கள்: குடியானவர்கள் உழுவார்கள், ஆண்டுதோறும் சென்யூர் எனப்படும் நிலக்கிழாருக்கு வாரமும் கட்டணமும் செலுத்துவார்கள், அவருடைய ஆலையில்தான் தானியம் அரைப்பார்கள். பிரான்ஸில் பிறந்து, பிரெஞ்சு ஆட்சியில் வளர்ந்த ஓர் அமைப்பின் தலைமை இடத்தில் ஒரு யூதர் உட்கார்ந்தார். அதைச் சட்டம் தடுக்கவில்லை. நிலம் வைத்திருக்கலாம், வாரம் வாங்கலாம், கடன் கொடுக்கலாம். சட்டசபை இருக்கை என்று வந்தபோதுதான் மதம் குறுக்கே நின்றது.

அரசியலுக்கு வரும் எண்ணம் குடும்பத்தில் முன்பே இருந்ததா?

இருந்தது. 1796இல் அண்ணன் மோசஸ் தேர்தலில் நிற்க நினைத்தார். தந்தை ஆரோன் வேண்டாம் என்று கடிதம் எழுதினார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது, எழுத்துப்பிழையோடுதான் எழுதுவார். ஆனால் சொன்ன விஷயம் தெளிவானது: உன்னை யூதன் என்று சொல்லி எதிர்ப்பார்கள், நீ வழக்குக்குப் போகலாம், ஆனால் உனக்குச் சாதகமாக நடுவர் குழுவும் கிடைக்காது, சபையில் உன் பக்கம் நிற்க ஆளும் கிடைக்காது. மகன் எசேக்கியேலுக்கு என்ன நடக்கப் போகிறது என்பதைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கிழவர் எழுதிவைத்துவிட்டார். படைக்குப் பின்னால் வண்டி கட்டிக்கொண்டு வந்து பிழைத்த மனிதர், யாரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்.

1807 தேர்தலில் என்ன நடந்தது?

த்ருவா ரிவியேருக்குச் சட்டசபையில் இரண்டு இடங்கள். உறுப்பினர்களில் ஒருவரான ஜான் லீஸ் மார்ச்சில் இறந்ததால் இடைத்தேர்தல் வந்தது. எசேக்கியேலை எதிர்த்து நின்றவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். மாத்யூ பெல், ஊருக்கு அருகே இருந்த புகழ்பெற்ற செயின்ட் மோரீஸ் இரும்பாலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். தாமஸ் காஃபின் முன்பே சட்டசபையில் இருந்தவர். பியேர் வெசினா என்ற உள்ளூர்க்காரரும் களத்தில் இருந்து, பிறகு விலகிக்கொண்டார்.

ஏப்ரல் 11, சனிக்கிழமை வாக்கு எண்ணிக்கை முடிந்தது. பதிவான வாக்குகள் 116. எசேக்கியேலுக்கு 59, காஃபினுக்கு 41, பெல்லுக்கு 16. பாதிக்கு ஒரு வாக்கு அதிகம்.

எண்கள் சிறியவை என்று தோன்றலாம். வாக்களிக்கும் முறையைக் கவனியுங்கள். அப்போது ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. சொத்துத் தகுதி உள்ளவர் தேர்தல் அதிகாரி முன் வந்து நின்று, ஊர் கேட்க, தன் வேட்பாளரின் பெயரைச் சொல்ல வேண்டும். (கீழ்க் கனடாவில் சொத்துள்ள பெண்களும் அப்போது வாக்களிக்க முடிந்தது. 1849இல்தான் அந்த உரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள்.) பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள் வாழ்ந்த ஊரில், 59 பேர் வெளிப்படையாக ஒரு யூதரின் பெயரைச் சொன்னார்கள். அவரிடம் கடன் வாங்கியவர்களும் வாடிக்கையாளர்களும் அதில் இருந்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் இரும்பாலையை நடத்திய பெல்லுக்கும் ஊரில் செல்வாக்கு குறைவில்லை. கடன் பயத்தில் மட்டும் போட்ட வாக்குகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அடுத்த ஆண்டும் அவர்கள் அதையே செய்தார்கள்.

அன்றைக்கே கையெழுத்தில் சிக்கல் வந்தது என்கிறார்களே?

ஆமாம், அது வெற்றி அறிவிக்கப்பட்ட சில நிமிடங்களில் நடந்தது. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள், எழுதுவதும் கூடாது. தேர்தல் ஆவணத்தில் கையெழுத்திடுவதைத் தள்ளிப்போட அவர் விரும்பினார். விடவில்லை. கடைசியில் கையெழுத்திட்டார். ஆனால் வழக்கமான வாசகமான ‘நம் ஆண்டவரின் ஆண்டு 1807’ (ஆண்டவர் என்றால் இங்கே இயேசு) என்பதை எழுதாமல், ‘எசேக்கியேல் ஹார்ட், 1807’ என்று மட்டும் எழுதினார். ஓய்வுநாளை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது, அந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. இவருடைய முழு அரசியல் வாழ்விலும் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான்.

சட்டசபையில் என்ன ஆயிற்று?

அந்த ஆண்டுக் கூட்டத்தொடர் சில நாட்களில் முடிந்துவிட்டது. அதனால் 1808 ஜனவரி 29 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று கியூபெக் நகரில், எபிரேய வேதத்தின் மேல் கை வைத்து, தலையை மூடியபடி உறுதிமொழி எடுத்தார். நீதிமன்றங்களில் யூதர்கள் சாட்சி சொல்லும்போது எடுக்கும் முறை அதுவே. நீதிமன்றத்தில் செல்லும் உறுதிமொழி சட்டசபையில் ஏன் செல்லாது?

செல்லாது என்று முதலில் கிளப்பியவர் அரசின் தலைமை வழக்கறிஞரும் சபை உறுப்பினருமான ஜோனத்தன் சூவல். அவர் ஆங்கிலேயர் தரப்பு. பிறகு அந்தப் பிடியைப் பிரெஞ்சுக் கனடியர்களின் பெரும்பான்மைக் கட்சி பற்றிக்கொண்டது. சந்தேகம் இருந்தால் மறுபடி உறுதிமொழி எடுக்கத் தயார் என்று எசேக்கியேல் மனு கொடுத்துப் பார்த்தார். பிப்ரவரி 20 அன்று, யூத மதத்தைச் சேர்ந்த எசேக்கியேல் ஹார்ட் இந்தச் சபையில் இடம்பெறவோ, அமரவோ, வாக்களிக்கவோ முடியாது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 21, எதிர்ப்பு 5.

வாதங்களில் ஒன்று, யூதர்கள் எந்த நாட்டையும் தங்கள் நாடாக ஏற்பதில்லை என்பது. அதைச் சொன்னவர்கள் முன்னால் இருந்தவரோ த்ருவா ரிவியேரில் பிறந்தவர், அந்த மண்ணில் நிலம் வைத்திருந்தவர், அந்த ஊர் மக்கள் அனுப்பிவைத்தவர்.

இது வெறும் மதவெறியா, அரசியல் கணக்கா?

இந்தக் கேள்விக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

முதலில் அரசியல் கணக்கு. 50 பேர் கொண்ட அந்தச் சபையில் பிரெஞ்சுக் கனடியர்கள் பெரும்பான்மை. ஆளுநர், அவருடைய ஆலோசனை மன்றம், பெரிய வணிகர்கள் எல்லாம் ஆங்கிலேயர் பக்கம். 1805இல் சிறைச்சாலை கட்டப் பணம் எங்கிருந்து வருவது என்று பெரிய சண்டை: நிலத்துக்கு வரி போடுங்கள் என்றார்கள் வணிகர்கள், இறக்குமதிச் சரக்குக்குப் போட்டது சபை. அடுத்த ஆண்டு பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் பியேர் பெதார் முதலானோர் ‘லு கனாடியன்’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஆங்கிலம் பேசும் பணக்கார வணிகரான எசேக்கியேல் உள்ளே வந்தால் எதிரணிக்கு ஒரு வாக்கு கூடும் என்று அவர்கள் பார்த்தார்கள். ஆளுநரிடம் சம்பளம் வாங்கும் நீதிபதிகளையும் அதே காலத்தில் சபையிலிருந்து வெளியேற்ற அவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். நீதிபதிகள் விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

ஆனால் ஓர் ஆளை வெளியேற்ற அவர்கள் எடுத்த கருவி என்ன? அவருடைய மதம். ரோமப் பேரரசன் கலிகுலா தன் குதிரையைக் கான்சல் என்னும் உயர் பதவியில் அமர்த்தியதாகச் சொல்லப்படும் கதையோடு இவர் வெற்றியை ஒப்பிட்டு அந்தப் பத்திரிகையில் நையாண்டிப் பாட்டு வந்தது. கட்சிக் கணக்குக்காக மட்டும் எதிர்த்தவர்களுக்கு அப்படி ஒரு பாட்டு தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே காலத்தில் லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு கத்தோலிக்கர் உட்கார முடியாது. அங்கேயும் தடை உறுதிமொழிதான். 1829இல்தான் அது நீங்கியது. 1774 கியூபெக் சட்டம் கத்தோலிக்கர்களுக்குத் தனி உறுதிமொழி ஒன்றை வகுத்துக் கொடுத்ததால்தான் கீழ்க் கனடாவின் கத்தோலிக்கர்களால் பதவிக்கு வர முடிந்தது. தங்களுக்குத் திறந்த அதே கதவை இன்னொருவர் முகத்தில் சாத்தினார்கள். இதை நான் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த மாட்டேன்.

1808இல் மறுபடியும் எப்படி ஜெயித்தார்?

மே மாதம் பொதுத்தேர்தல் வந்தது. ஊரின் இரண்டு இடங்களில் ஒன்று ஜோசப் பாதோவுக்கும் மற்றொன்று எசேக்கியேலுக்கும் கிடைத்தது. சபை வேண்டாம் என்றவரை ஊர் மறுபடியும் அனுப்பியது.

1809 ஏப்ரலில் சபை கூடியபோது, இந்த முறை கிறிஸ்தவர்கள் எடுக்கும் முறையிலேயே அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். முதல் முறை சொன்ன குறை உறுதிமொழியின் வடிவம்தானே? அந்தக் குறையை அவர் நீக்கிவிட்டார். சில நாட்கள் இருக்கையிலும் அமர்ந்தார். இப்போது வாதம் தலைகீழானது: யூதர் ஒருவர் கிறிஸ்தவ முறையில் எடுத்த உறுதிமொழி அவரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். யூத முறையில் எடுத்தால் முறை தவறு, கிறிஸ்தவ முறையில் எடுத்தால் ஆள் தவறு. மே 5 அன்று, சென்ற ஆண்டு வெளியேற்றப்பட்ட அதே ஹார்ட்தான் இவர் என்று சொல்லி மறுபடியும் வெளியேற்றினார்கள். யூதர்கள் யாருமே சபைக்கு வர முடியாதபடி தனிச் சட்டம் இயற்றும் முயற்சியும் நடந்தது.

ஆளுநர் அவருக்கு உதவவில்லையா?

ஆளுநர் ஜேம்ஸ் கிரெய்க், யூதர்களையும் நீதிபதிகளையும் பற்றிப் பேசியே சபை காலத்தை வீணடிக்கிறது என்று கடிந்துகொண்டு, மே 15 அன்று கூட்டத்தொடரை முடித்து சபையைக் கலைப்பதாக அறிவித்தார். இது எசேக்கியேல் மேல் இருந்த பரிவால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரெய்குக்கும் பெதார் கட்சிக்கும் இடையே நடந்த சண்டையில் இதுவும் ஒரு சாக்கு. லண்டனிலிருந்து குடியேற்ற அமைச்சர் காசல்ரே அனுப்பிய பதில், உண்மையான யூதர் சபையில் அமர முடியாது என்ற பக்கமே சாய்ந்தது. எசேக்கியேலுக்கு உள்ளூரிலும் ஆள் இல்லை, தலைநகரிலும் ஆள் இல்லை. அதன் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியில் யூதர்களுக்கு எங்குமே பதவி கிடைக்கவில்லையா?

இடத்துக்கு இடம் மாறியது. 1740இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அமெரிக்கக் காலனிகளில் ஏழாண்டு வசித்த யூதர்கள் கிறிஸ்தவ வாசகம் இல்லாமலே குடியுரிமை பெற வழி செய்தது. நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் ஆல்டர்மன்களில் (மாநகராட்சியின் மூத்த உறுப்பினர்கள்) யூத வணிகர்களும் இருந்தார்கள். கோல்கொண்டா வைரமும் மத்தியதரைக்கடல் பவளமும் அவர்கள் கைவழியாகப் போய்வந்தன, கம்பெனிக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். வணிகம் எங்கே தேவைப்பட்டதோ அங்கே வழி பிறந்தது. சட்டம் இயற்றும் அவை என்றபோது கை இறுகியது.

பேரரசிலேயே தேர்தலில் வென்ற முதல் யூதர் இவர்தானா?

பலர் அப்படி எழுதுகிறார்கள். கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். தென் கரோலினாவில் பிரான்சிஸ் சால்வடார் என்ற யூதர் 1774இலேயே மாகாண காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அது பிரிட்டனை எதிர்த்துக் கூடிய அவை. கனடாவில் சட்டசபைக்கு வென்ற முதல் யூதர் எசேக்கியேல் என்பதில் ஐயமில்லை.

வெளியேற்றப்பட்ட பிறகு என்ன செய்தார்?

ஊருக்குத் திரும்பி வணிகத்தையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டார். 1812இல் அமெரிக்காவுடன் போர் மூண்டபோது உள்ளூர்ப் படையில் அதிகாரியாக இருந்தார். அதற்குச் சற்று முன்பு, தம்பி பெஞ்சமின் அதே படையில் அதிகாரி பதவி கேட்டபோது, யூதரோடு சேர்ந்து பணியாற்ற மற்றவர்கள் விரும்ப மாட்டார்கள் என்று எதிர்த்தவர் படைத்தலைவரான தாமஸ் காஃபின். 1807இல் எசேக்கியேலிடம் தோற்ற அதே காஃபின். சிறிய ஊர், எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருந்தன.

யூதர்களுக்கு உரிமை எப்போது கிடைத்தது?

1832இல். அதையும் இந்தக் குடும்பம்தான் கிளறியது. எசேக்கியேலின் மகன் சாமுவேல் பெக்கான்கூர் ஹார்ட்டுக்கு, யூதர் என்பதால் நீதித்துறை நடுவர் பதவி மறுக்கப்பட்டது. (மகனுக்கு நிலத்தின் பெயரையே வைத்திருந்தார்கள்.) 1831இல் அவர் சட்டசபைக்கே மனு போட்டார். தந்தையை இரண்டு முறை வெளியே அனுப்பிய அதே அவை அது. இந்த முறை ஜான் நீல்சன் மசோதாவைக் கொண்டுவந்தார், லூயி ஜோசப் பாப்பினோ சபைத் தலைவராக இருந்தார், மசோதா நிறைவேறியது. 1832 ஜூன் 5 அன்று சட்டமாக அறிவிக்கப்பட்டது. யூத மதத்தினருக்கு மாகாணத்தின் மற்ற குடிமக்களுக்கு உள்ள எல்லா உரிமைகளும் சலுகைகளும் உண்டு என்பதே அதன் சாரம்.

பிரிட்டன் எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். லயனல் டி ராத்ஸ்சைல்டு 1847 முதல் லண்டன் நகரத்தில் திரும்பத் திரும்ப வென்றும், 1858இல்தான் நாடாளுமன்றத்தில் உட்கார முடிந்தது. கீழ்க் கனடா இருபத்தாறு ஆண்டு முந்திக்கொண்டது.

பிரெஞ்சுக் கனடியர்களே யூத எதிர்ப்பாளர்கள் என்று இந்தக் கதையை வைத்துச் சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: 1807இல் பெயரைச் சொல்லி வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் யார்? 1832இல் சட்டத்தை நிறைவேற்றிய பெரும்பான்மை யாருடையது? 1808இல் தவறு செய்தவர்களும் அந்தச் சமூகத்தின் தலைவர்கள்தான், மறுக்கவில்லை. ஒரு சமூகத்தை ஒரு தீர்மானத்தை மட்டும் வைத்து எடைபோடுவது சரியில்லை.

எசேக்கியேல் அதைப் பார்க்க உயிரோடு இருந்தாரா?

இருந்தார். அறுபத்திரண்டு வயதில் பார்த்தார். சாமுவேல் அடுத்த ஆண்டு நடுவர் பதவி ஏற்றார். இன்னொரு மகன் ஆரோன் எசேக்கியேல் வழக்கறிஞரானார். 1843இல் எசேக்கியேல் இறந்தபோது ஊரில் கடைகளை அடைத்தார்கள், ராணுவத்தின் 81ஆம் படைப்பிரிவு இறுதி மரியாதை செய்தது.

அவருக்குப் பின் யூதர்கள் எப்போது சட்டசபைக்கு வந்தார்கள்?

எதிர்பார்ப்பதைவிட வெகு தாமதமாக. 1860இல் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் அவைக்கு செலிம் பிராங்க்ளின் வென்றார். அங்கேயும் உறுதிமொழியைப் பற்றி விவாதம் எழுந்தது. கனடா நாடாளுமன்றத்தின் முதல் யூத உறுப்பினர் ஹென்றி நேதன், 1871இல் விக்டோரியாவிலிருந்து போனவர். அவரும் வணிகர்தான். கியூபெக் சட்டசபைக்கு மட்டும் 1916 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மாண்ட்ரியலிலிருந்து பீட்டர் பெர்கோவிச் தேர்வானார்.